கதவு திறக்கும் இடம்

சுனாமிக்கு அடுத்த வருடம் கல்முனையில் ஒரு வீடியோக் கடையில் வேலை செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் மெலிந்த மனிதர் ஒருவர் வருவார். சாரனைக் கணுக்காலுக்கு மேல் உடுத்திருப்பார். ஒரே பழைய பேய்ப்படக் கசெட்டைத்தான் எடுப்பார். எங்களிடம் இருந்தவற்றில் ஆகப் பயங்கரமானது அது.

மறுநாள் திருப்பித் தரும்போது நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றித் தரமாட்டார். அது எப்போதும் ஒரே இடத்தில் நின்றிருக்கும். அறைக் கதவு தானாகத் திறக்கும் இடம். சுற்றுகிற வேலை எனக்கு. எரிச்சலில் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"காக்கா, முழுசாப் பாக்கிறல்லயா?"

"எங்க தம்பி பாக்கிற? கதவு திறக்கக்குள்ள புள்ளைகள் ரெண்டும் பயந்து எழும்பி ஓடிருவாங்க. பொறகு நிப்பாட்டிருவன்."

அவர் போனதும், கடையில் நின்ற ஒருவர், முகாமில் அவருடைய தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர், மெதுவாகச் சொன்னார்: "புள்ளைகள் ரெண்டையும் கடல் கொண்டு போயிட்டு. அவர் தனிச்ச மனிசன்."

பிறகு ஒவ்வொரு முறையும் நானே எரிச்சலில்லாமல் சுற்றி வைத்தேன். கடைசியாக அவர் கொண்டுவந்த அன்று நாடா முடிவுவரை ஓடியிருந்தது.

"நேத்து ரெண்டு பேரும் ஓடல்ல தம்பி," என்றார். "எனக்குப் பக்கத்துல வந்து இருந்துட்டாங்க."

அந்தக் கசெட்டை நான் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. சுற்றி வைக்கவும் இல்லை.