திரையில் நகராத ரயில்

என்னுடன் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தன் பழைய கமராவை விற்கப் போவதாகச் சொன்னார். தூரத்துப் பொருளைப் பல மடங்கு கிட்ட இழுக்கும் கமரா அது, விலையும் குறைவு. "ரெண்டு நாள் வைச்சுப் பாருங்கோ, பிடிச்சால் எடுங்கோ" என்று தந்தார்.

அடுத்த நாள் பின்னேரம் சுன்னாகத்துக்கு அருகே, காவலாளி இல்லாத ரயில் கடவையில் நின்று அதைச் சோதித்தேன். தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த ரயில், சூம் செய்ததும் திரை நிறைய வந்தது. அது திரைக்கு வெளியே போகாதபடி சூமைக் குறைத்துக் குறைத்துப் படம் எடுத்தேன். ரயில் ஊதியது. திரையில் அது அதே அளவில்தான் இருந்தது. இன்னும் நேரம் இருக்கிறதென்று, நேர்முகமாக எடுக்க ஒரு காலைத் தண்டவாளத்துக்குள் வைத்தேன்.

"விலத்தடா மோனை, கோச்சி!"

ரயில் வந்துவிட்டதென்று கத்தியபடி, சந்தையால் வந்த ஓர் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இருவரும் சரளைக்கல்லில் விழுந்தோம். கடைசிப் பெட்டி போகும்வரை அவர் பிடியை விடவில்லை.

"கண்ணை எங்கையடா வைச்சிருந்தனீ?"

கமராத் திரையைக் காட்டினேன்.

கமராவை வாங்கிவிட்டேன், பிழை அதில் இல்லை. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் முன் அதை இறக்கி, வெறும் கண்ணால் ஒருமுறை பார்க்கிறேன். தண்டவாளப் பக்கம் போவதே இல்லை.

அன்றைய படங்களைப் பார்த்த மனைவி, "ஏனப்பா ஒரே படத்தைப் பதினொரு தரம் எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். ஏனென்று இதை வாசித்துத்தான் அவள் அறியப்போகிறாள்.