பேச்சியம்மாள் அக்காவும் சிக்கிக்கொண்ட பிஸ்டலும்

செய்தி வந்தபோது தென்காசி நீதிமன்ற வராந்தாவில் ஒரு வாய்தாவுக்காகக் காத்து நின்றேன். வடகரையிலிருந்து பேச்சியம்மாள் அக்காவின் தம்பி மகன் பேசினான். "ஊருக்கு வந்திருந்த அத்தை காலையில எந்திரிக்கல. போன்ல கடைசியா உங்க நம்பர்தான் இருந்துச்சு. நீங்க யாருன்னு தெரியல, ஆனா சொல்லணும்னு தோணுச்சு" என்றான். கேஸ் கட்டை இளைய வக்கீலிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

துக்க வீட்டில் ஓர் அம்மா என்னிடம், "அக்கா கூட போலீஸ்ல இருந்தியளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சொந்தமா?" அதுவும் இல்லை. "ரைபிள் கிளப்புல அவங்க பக்கத்துல நிக்கவ" என்றேன். அதை எந்த வரிசையில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மாலை வரை அதிலேயே இருந்தேன். அழ ஆசையாக இருந்தது, ஆனால் யார் தோளில் சாய்ந்து அழுவது?

இதைப் படிக்கிற கிளப்காரர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, குற்றாலத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "சீசன்ல ஊரே இங்கன குளிக்க வருது, எங்க வீட்டுக் கதவைத் தட்டத்தான் ஒரு ஆளு கிடையாது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கும் அதே கதைதான். கணவர் இறந்துவிட்டார், மகள் கனடாவில் இருக்கிறாள். நாள் முழுக்க நீதிபதியிடம் பேசுவேன், வீட்டுக்கு வந்தால் ஃபேன் சத்தம்தான். கிளப்பில் பிஸ்டல் சுடுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. மலையடிவாரத்து ரேஞ்சில் பிஸ்டலுக்கென்று அடுத்தடுத்து நின்று சுட இரண்டு லேன், கிளப்புக்குச் சொந்தமான ஒரே பிஸ்டல், மாற்றி மாற்றிச் சுடுவோம். அந்தக் காலை வேளைகள்தான் நான் மனிதரோடு மனிதராகப் பேசிய நேரம்.

பாயிண்ட் டூ டூ பிஸ்டல் அது. சுண்டுவிரல் நுனி அளவுத் தோட்டா. ஊசி அதன் அடிவிளிம்பில் தட்டினால் வெடிக்கும். வெடித்ததும் மேல்மூடியான ஸ்லைடு பின்னால் போய்க் காலித் தோட்டாவை வெளியே எறிந்து, தோட்டாக்களை அடுக்கிய மேகசினிலிருந்து அடுத்ததை உள்ளே தள்ள வேண்டும். ஒரு மார்கழியில் அது மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலித் தோட்டா வெளியே விழாமல் ஸ்லைடில் கடிபட்டு நட்டுக்குத்தலாக நிற்கும். இல்லையென்றால் புதுத் தோட்டா பாதி நுழைந்து முரண்டு பிடிக்கும். காலையில்தான் இந்தக் கூத்து. வெயில் ஏறினால் ஒழுங்காகிவிடும்.

எனக்குப் பொறுமை கிடையாது, தென்காசி கோர்ட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிக்கியதும் ஸ்லைடைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கப் போவேன். அக்கா பக்கத்து லேனிலிருந்து அசையாமல் சொல்வார்: "நிக்கட்டும்ட்டி. சிக்குனது எங்கயும் ஓடிறாது. முதல்ல அது வாய் எங்கன பாக்குதுன்னு பாரு." இலக்குப் பக்கமே வாயை வைத்து, மேகசினைக் கழற்றி, அப்புறம்தான் ஸ்லைடைத் தொட விடுவார்.

என்னென்னவோ செய்து பார்த்தோம். காலித் தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கியைத் துடைத்தோம், அதன் ஸ்பிரிங்கை மாற்றினோம். மேகசினின் வாய் விரிந்திருக்கிறதா என்று பார்த்தோம். வேறு பெட்டித் தோட்டா போட்டோம். குழலில் தோட்டா உட்காரும் இடத்தைப் பிரஷ் விட்டுத் தேய்த்தால் கறுப்பாகப் பசை மாதிரி வரும், கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சுடும், திரும்பவும் சிக்கும். நான் சுட்டாலும் சிக்கும், அவர் சுட்டாலும் சிக்கும். செயலாளர் அண்ணாச்சி சலித்துப்போனார். "பொங்கல் வரைக்கும் பாப்போம். சரியாவலன்னா பிஸ்டலை ஒப்படைச்சிட்டு அந்த ரெண்டு லேனையும் ரைபிளுக்கு விட்டிருவோம்" என்றார். அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. அக்காவிடம் அதைச் சொல்லவும் இல்லை.

ஒரு நாள் அக்கா அரிவாள்மணையில் இடது கட்டைவிரலை அறுத்துக்கொண்டு வந்தார். சுடுவது வலது கையால் என்பதால் அதற்குத் தடையில்லை. தோட்டா நிரப்பத்தான் முடியாது. அவருடைய மேகசினையும் நானே நிரப்பிக் கொடுத்தேன். முதலில் பிரஷ் விட்டுத் தேய்த்ததோடு சரி, அன்று காலை முழுக்க ஒரு தோட்டாகூடச் சிக்கவில்லை. விரல் ஆறி அவர் நிரப்பத் தொடங்கியதும் மறுபடி பழைய கதை. அக்கா தான் நிரப்பிய தோட்டா ஒன்றை வெளியே எடுத்து உருட்டிப் பார்த்தார், முகர்ந்தார்.

"ஏட்டி, தேங்கா எண்ணெ" என்றார்.

ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் இடது கையால் கொண்டையை ஒருமுறை அழுத்தி விட்டுக்கொள்வது அவர் வழக்கம். பணியில் இருந்த காலமெல்லாம் தொப்பிக்குள் முடி அடங்கிக் கிடக்க வேண்டி வந்த பழக்கம். எண்ணெய் வழியத் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவர் வேறு. கொண்டையைத் தொட்ட அதே கட்டைவிரல்தான் தோட்டாவையும் அழுத்தும். அந்த எண்ணெய் வெடிமருந்துக் கரியோடு சேர்ந்து குழலில் அப்பி, மார்கழிக் குளிரில் உறைந்து, தோட்டாவைப் பிடித்து வைத்திருக்கிறது. நாங்கள் சிரித்த சிரிப்பில் ரைபிள்காரர்கள் சுடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

செயலாளர் அண்ணாச்சி முன்னால் சுட்டுக் காட்டினோம். ஒன்றும் சிக்கவில்லை. "என்ன செஞ்சிய?" என்று கேட்டார். "எண்ணெ தேய்க்கத விட்டுட்டேன் அண்ணாச்சி" என்று அக்கா முகம் மாறாமல் சொன்னார். அப்பட்டமான பொய். எண்ணெயையும் விடவில்லை, கொண்டையைத் தொடுவதையும் விடவில்லை. "இந்த வயசுல கையைக் கட்டிப்போட முடியுமாட்டி? நீ நிரப்பு, நான் சுடுதேன்" என்றார். அன்றிலிருந்து இருவருக்கும் நான்தான் நிரப்பினேன். அவர் என் கையைப் பார்த்தபடி முந்தின நாள் சமையலிலிருந்து பழைய கேஸ்கள் வரை பேசிக்கொண்டே இருப்பார். வேண்டுமென்றே மெதுவாக நிரப்புவேன்.

போன வாரம் கிளப்புக்குப் போனேன். செயலாளர் அண்ணாச்சி தயங்கித் தயங்கி, "இனி நீங்க ஒத்தையில... ஒரு லேனை எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். குனிந்து பார்த்தால், மேஜையில் இரண்டு மேகசின் நிரப்பி வைத்திருக்கிறேன்.

"இப்ப வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வேலைதான், இன்னொரு ஆளுக்காக நிரப்புவது. என்னுடையதைச் சுட்டு முடித்தேன். பிறகு பக்கத்து லேனுக்குப் போய், அவருடையதையும் நின்று சுட்டேன். ஒரு தோட்டாகூடச் சிக்கவில்லை. ஒன்றாவது சிக்கித் தொலைந்திருக்கலாம்.