கழற்றி மாட்டுகிறவள்

பானெட்டுக்குள் இடுப்புவரை நுழைந்துகொண்டு டிரைவரம்மா பெருமையடிக்கிறாள்: "கண்ணைக் கட்டி விட்டாக்கூட இந்த வண்டியில இருக்குற ஒவ்வொரு வயரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். கூப்பிட்டா 'தோ வந்துட்டேன்'னு ஓடி வரும்."

எதிர்க்கடையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பவர் தலை நிமிராமலே, "ஓடி வருமாக்கா?" என்று கேட்கிறார்.

"ஓடி வராது. நகரும்." கொஞ்சம் யோசிக்கிறாள். "நகரவும் நகராது. கண்ணைக் கட்டிக்கிட்டு உள்ள கைய விட்டா கைதான் வெந்துபோவும். ஒரு பேச்சுக்குச் சொன்னா உடனே டேப்பைத் தூக்கிக்கிட்டு அளவெடுக்க வந்துருவியே!"

அவள் பேச்சில் பாதி இப்படித்தான். தானே ஊதுவாள், தானே காற்றைப் பிடுங்கிவிடுவாள். மீதிப் பாதியில் எவ்வளவு காற்று என்பது அவளுக்கே தெரியாது.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் ஒரு சாக்கெட்டைத் தேடிப் பிடித்துவிட்டன. அதன் பிளாஸ்டிக் காதை நகத்தால் நெம்புகிறாள். வயரைத் தொடாமல் சாக்கெட்டின் கழுத்தைப் பிடித்து அசைத்து அசைத்துக் கழற்றுகிறாள். வயரைப் பிடித்து இழுக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "கொழந்தையை ஒத்தைக் கையில புடிச்சுத் தூக்குவியா? அதே பாவம்தான் இதுவும்" என்பாள். கழன்று வந்த சாக்கெட்டை உயர்த்திப் பிடித்து, வண்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவரிடம் கேட்கிறாள்: "என்னங்க, இது எங்க போவும்?"

வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. நன்றாக ஓடுகிற வண்டியில் தினம் காலையில் ஒரு சாக்கெட்டைத் தானே கழற்றிவிட்டு, அது எங்கே போகும் என்று விசாரிக்கிற ஆள் வேறெங்கும் இருக்க முடியாது.

பழைய பிக்கப் அது. ஒரு காலத்தில் நீல நிறம். கதவைச் சாத்த ஒருவர் வேண்டும், சாத்தியது சாத்தியபடி இருக்கிறதா என்று பார்க்க இன்னொருவர் வேண்டும். வீடு மாறிப் போகிறவர்களின் கட்டில், பீரோ, மெத்தை, பூந்தொட்டி என்று எதையும் ஏற்றும். கணவர்தான் ஓட்டுவார், அவரே பழுது பார்ப்பார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து, யார் வீட்டு நிலைக்கண்ணாடியையோ மடியில் அணைத்துக்கொண்டு வழி நெடுகப் பேசுவாள். அவர் "ம்" என்பார். வேண்டும், வேண்டாம், வாயை மூடு, அடுத்த வளைவில் டீ குடிக்கலாம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு "ம்"தான். எது எந்த "ம்" என்று அவளுக்குத் தெரியும்.

போன வருஷம் கேஸ்கெட் மாற்றுவதற்காக இன்ஜின் ஹெட்டைத் திறக்க உட்கார்ந்தார். குறுக்கே கிடந்த வயர்களின் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி இரண்டு பக்கமும் ஒதுக்கிப்போட்டார். ஸ்பேனரைக் கையில் எடுத்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே மூச்சில் போயின. அந்த "ம்"மும் போயிற்று. "நாம பேசுறது அவருக்குப் புரியுதா டாக்டர்?" என்று இவள் கேட்டதற்கு, "பாக்கலாம்மா" என்றார் டாக்டர். இவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வெளியூரில் வேலை செய்யும் மகள் அவ்வளவு நாள் பார்க்கத் தயாராக இல்லை. போனில் ஒருநாள் உடைத்துச் சொல்லிவிட்டாள். "அப்பாவுக்கு நாம சொல்றது புரியுதுன்னா அவர் வீட்டுலயே இருக்கட்டும்மா. ஒண்ணுமே புரியலைன்னா இந்த மாதிரி ஆளுங்களைப் பாத்துக்குற இல்லத்துல சேத்துடலாம். நீ ஒண்டியா எத்தனை நாளைக்குத் தூக்கி இறக்குவ? உன் முதுகு என்ன ஜாக்கியா?"

"புரியாம என்ன? வண்டியே அவர் சொல்லித்தான் ஓடுது. வந்து பாரு, உன் கண்ணு முன்னாடி கேட்டுக் காட்டுறேன்" என்றாள் இவள்.

வண்டி அவர் சொல்லி ஓடுவதாக இவள் நம்பத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. கேஸ்கெட்டை மாற்ற வந்த மெக்கானிக்கை வயர்கள்மேல் இவள் கை வைக்க விடவில்லை. "அதை அப்படியே விட்டுருப்பா. பிரிச்சவரு வந்து மாட்டிக்குவாரு" என்று அனுப்பிவிட்டாள். பிரித்தவர் நாற்காலியில் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் சாக்கெட்டுகள் செத்த பூச்சிகள் போலக் கால் விரித்துக் கிடந்தன. இவள் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "என்னங்க, இது எங்க போவும்?" வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவருடைய இடது கை மடியிலிருந்து எழுந்தது. விரல்கள் தளர்ந்து, மேலே, இடப்பக்கமாக நீண்டன. இவள் அந்தப் பக்கம் தேடினாள். ஃப்யூஸ் பாக்ஸுக்குக் கீழே, எண்ணெய்ப் பிசுக்குக்குள், அதே சாம்பல் நிறத்தில் ஒரு வாய் திறந்து கிடந்தது. வைத்து அழுத்தினாள். "டிக்" என்றது. கீழே விழுந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அந்த "டிக்"தான் என்று இன்றைக்கும் சாதிப்பாள்.

மற்ற சாக்கெட்டுகளை அவள் தானாகவே கண்டுபிடித்தாள். வெளியில் ஒப்புக்கொள்ள மாட்டாள். பல வருஷம் ஒரே இடத்தில் கிடந்த வயர் அந்த வளைவை மறப்பதில்லை. விட்டுப் பிடித்தால் தன் வீடு இருக்கும் திசைக்கே திரும்பும். எட்டாத இடத்துக்கு எந்த வயரும் போகாது, தொங்கும் அளவுக்கு எதுவும் நீளமாகவும் இராது. வெப்பத்துக்குப் பக்கத்தில் இருந்தது முறுகியிருக்கும், ரேடியேட்டர் ஓரத்தில் இருந்தது புழுதி பிடித்திருக்கும். உள்ளே பித்தளை பளிச்சென்று இருந்தால் நேற்றுவரை ஜோடியோடு இருந்தது, பச்சை பூத்திருந்தால் வெகுகாலமாகத் தனி. இதையெல்லாம் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்று கற்றுக்கொண்டு, தெருவில் கேட்பவர்களிடம், "அவர் கையைக் காட்டுவாரு, நான் மாட்டுவேன். நேத்து தப்பா மாட்டினதுக்குக் கண்ணாலயே ஒரு முறை முறைச்சாரு பாரு!" என்று அளந்துவிட்டாள்.

ஒன்று மட்டும் மிஞ்சியது. பச்சை பூத்த சாக்கெட், பேட்டரிக்குப் பின்னால். அதற்கு ஜோடி எங்கேயும் இல்லை. உதிரிபாகக் கடைக்காரர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "அது ஏசி வெச்ச வண்டிக்கும்மா. உங்க வண்டியில ஏசி கிடையாது. கம்பெனியிலயே சும்மா விட்ட வயரு."

"ஜோடியே இல்லாம இவ்வளவு நீள வயரை எவனாவது இழுத்து விடுவானா?"

"எல்லா வண்டிக்கும் ஒரே வயரிங்கைத்தான் போடுவான். அதுக்கு வேலையே இல்ல. ஒரு டேப்பைச் சுத்தி ஓரமா விடுங்க."

டேப்பைச் சுற்றிவிட்டாள். மறுநாளே பிரித்துவிட்டாள். வேலை இல்லை என்பதற்காக ஒன்றை டேப் சுற்றி ஓரமாக விடுவது அவளுக்கு ஒப்பவில்லை.

எல்லாம் மாட்டி முடித்து, வண்டி ஓடத் தொடங்கி, ஸ்டியரிங்கும் அவள் கைக்கு வந்த பிறகுதான் பெரிய சங்கடம் வந்தது. காலையில் அவரிடம் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டால் கை எழாது. வலிக்குதா என்றால் எழாது. நான் யாரு சொல்லுங்க என்று ஒரே ஒருநாள் கேட்டுவிட்டு, அந்தக் கேள்வியை மறுபடி எடுக்கவே இல்லை. வண்டிக்கு முன்னால் உட்கார வைத்துச் சாக்கெட்டைக் காட்டினால் மட்டும் கை எழுகிறது. அதனால்தான் கழற்ற ஆரம்பித்தாள்.

இந்தக் கூத்தில் ஒருநாள் ஒரு சாக்கெட்டை அரைகுறையாகச் செருகிவிட்டாள். மேட்டுச் சாலையில், புதுக் குடித்தனக்காரர்களின் பீரோவோடு வண்டி மூச்சை விட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. இவள் இறங்கி, பானெட்டைத் தூக்கி, பம்பின்மேல் ஆடிக்கொண்டிருந்ததை "டிக்" சத்தம் வரும்வரை அழுத்திவிட்டு, "வீட்டுக்காரர் சொன்னாரு, நான்தான் காதுல வாங்கல" என்றாள், கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

லோடு இறக்கிவிட்டு வரும் மதியங்களில், தெருமுனையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பாள். அது உறுமுகிற உறுமலில் தெருவே அதிரும். "பெட்ரோல் டேங்குல கரும்புச் சாறா ஓடுது? இப்படி எரிக்கிறீங்களே அக்கா" என்று ஒருமுறை தையற்காரர் கேட்டார். "டியூனிங் பாக்குறேன்" என்றாள். கண்கள் வீங்கியிருந்தன. அதற்கப்புறம் அந்த உறுமல் கேட்டால் தையற்காரரும் தன் மெஷினை வேகமாக மிதிக்கத் தொடங்குவார், சத்தத்துக்குச் சத்தம் துணை என்பதுபோல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்து இறங்கினாள். இவள் விடிந்ததிலிருந்தே ஓயவில்லை. அவருக்கு முகம் மழித்து, தலை வாரி, வெளுத்த சட்டை போட்டு, பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுவிட்டு அதை மறுபடி சரிசெய்து, நாற்காலியோடு தூக்கி வழக்கமான இடத்தில் வைத்திருந்தாள். பானெட் திறந்திருந்தது.

"பயணம் எப்படி இருந்துச்சு, டீ போடட்டுமான்னு எதுவும் கேக்க மாட்டியாம்மா நீ?" என்றாள் மகள்.

"டீ எங்கயும் ஓடிறாது. மொதல்ல இதைப் பாரு."

மகள் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அப்பாவின் பக்கத்தில், அவர் தோளுக்குத் தோள் சமமாக உட்கார்ந்தாள். அவருடைய இடது கையை எடுத்துச் சற்று நேரம் வைத்திருந்து, மறுபடி மடியில் விட்டாள். டிரைவரம்மா பானெட்டின் நிழலுக்குள் குனிந்து, ரேடியேட்டர் பக்கத்திலிருந்து டெம்பரேச்சர் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றினாள். சுலபமானதாகப் பார்த்துத்தான் எடுத்தாள். திரும்பி உயர்த்திப் பிடித்தாள்.

"என்னங்க, இது எங்க போவும்? உங்க பொண்ணு வந்துருக்கா, சொல்லுங்க பாப்போம்."

தையல் மெஷின் நின்றுவிட்டது. ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. பிறகு அந்த இடது கை மடியை விட்டுக் கிளம்பியது. நெஞ்சுக்கு வந்தது. முகத்துக்கு நேராக, மேலே, இடப்பக்கமாக நீண்டு நின்றது.

"பாத்தியா! பாத்தியாடி! பேட்டரி பக்கம்ன்றாரு. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அது என்ன பெரிய தப்பு, வருஷக்கணக்கா..." என்று சொல்லிக்கொண்டே மகளைப் பார்த்தவள் பாதியில் நின்றாள்.

மகளுடைய கையும் எழுந்திருந்தது. முகத்துக்கு நேராக, மேலே, இடப்பக்கமாக. விரல்கள் அதேபோலத் தளர்ந்திருந்தன. அந்தக் கையின் நிழலுக்குள் மகள் கண்களைச் சுருக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"வெயிலும்மா" என்றாள் மெல்ல. "இங்க உக்காந்தா நேரா மூஞ்சியில அடிக்குது."

வண்டியை ஒட்டி இடப்பக்கம் இருந்த மதிலுக்கு மேலே, இவள் முதுகுக்குப் பின்னால், சூரியன் ஏறியிருந்தது. இத்தனை மாதத்தில் இவள் அந்த நாற்காலியின் உயரத்துக்கு ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. மழை மூட்டம் போட்ட காலைகளில் அந்தக் கை எழுந்ததே இல்லை என்பது இப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. "அவருக்கு இன்னிக்கு மனசு சரியில்ல" என்று அந்த நாள்களில் தையற்காரரிடம் சொல்லியிருக்கிறாள்.

மகள் தன் கையை இறக்கிக்கொண்டாள். அவர் கை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. களைப்பில் ஆடியது, ஆனால் இறங்கவில்லை.

டிரைவரம்மா சாக்கெட்டை விட்டாள். அது வயரோடு தொங்கி ஆடியது. பானெட்டை விட்டு வெளியே வந்து, நாற்காலிக்கும் மதிலுக்கும் நடுவில் போய் நின்றாள். அவள் நிழல் நீண்டு அவர் சட்டையின்மேல் விழுந்தது.

"அங்க இல்லம்மா, தோள்ல விழுது" என்றாள் மகள். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்."

அவள் ஓர் அடி தள்ளி நின்றாள். கை மெதுவாக இறங்கியது.