விளக்குக் கேட்கப் போனவர்கள்

கல்யாணமாகித் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவின் கூலிமுக்கு வந்த புதிதில் ஒன்று எனக்கு விளங்கவில்லை. விடியுமுன் ஃபாக்டரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் எல்லோரும் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடியே நிற்பார்கள். குளிருக்கு என்று நினைத்தேன். மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பிடுங்குகிறவர்களுக்குப் பயந்து என்பது, என் நாத்தனார் செல்வி மணிக்கட்டு உடைந்து வீட்டுக்கு வந்த அன்றுதான் தெரிந்தது. தாமான் என்று இங்கே சொல்லும் எங்கள் குடியிருப்பின் முனையில், பஸ் நிற்கும் இடத்தில், விளக்குக் கம்பம் இருக்கிறது. விளக்குத்தான் எரிவதில்லை.

"இங்க வார்டு மெம்பர் யாரு? யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?" என்று செல்வியிடம் கேட்டேன்.

சிரித்துவிட்டாள். "கவுன்சிலருக்கெல்லாம் இங்க ஓட்டு இல்ல அண்ணி. மேல இருந்து ஆள் போடுவாங்க லா."

எங்கள் ஊர் கிராம சபை ஒன்றும் தேவலோகம் இல்லை. பாதிப் பேரிடம் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் ஒரு கோடையில் நாங்கள் காலிக் குடத்தோடு போய் உட்கார்ந்தபோது தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. நல்ல மனசால் அல்ல. அடுத்த தேர்தலுக்கு எங்கள் வாசலில் வந்து அவர் நின்றாக வேண்டும், அதனால்.

அந்த நினைப்பில்தான் ஏமாந்தேன். குடியிருப்பாளர் பங்கேற்பு நாள், அதிகாரி வருகிறார் என்று தாமான் கமிட்டி வாட்ஸப்பில் போட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாகப் போனேன். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கியவர்களைக்கூட எழுப்பி, விளக்குக் கேட்போம் வாருங்கள் என்றேன். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்.

பூப்பந்துத் திடலில் நாற்காலியே இல்லை. ஆளுக்கொரு மஞ்சள் டீ-சட்டையும் கையுறையும் மண்வெட்டியும் கொடுத்தார்கள். கோத்தோங் ரோயோங்காம். எல்லோரும் சேர்ந்து சாக்கடை அள்ள வேண்டும். பங்கேற்பு அதுதான். என்னோடு வந்த பெண்கள் மறுபேச்சில்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டார்கள்.

"இதுதான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன் பக்கத்து வீட்டு மாலாவிடம்.

"தெரியும் லா அக்கா. நீங்க ஆசையா கூப்பிட்டீங்க, எப்படி வரலன்னு சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. சேற்றுக் கையோடு அதிகாரியிடம் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் விளக்கைச் சொன்னேன். "நந்தி கித்தா தெங்ஙோக்," பிறகு பார்ப்போம், என்றார். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றதும் முகம் மலர்ந்தது. நம் விருந்தாளியே வேலை செய்கிறார் பாருங்கள் என்று எல்லோரையும் அழைத்து, என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். விளக்கைப் பற்றி அதற்குமேல் பேச்சே இல்லை. மண்வெட்டியை அங்கேயே வீசிவிட்டு வந்திருக்க வேண்டும். சிரித்துத் தொலைத்தேன்.

மறுநாள் கருக்கலில் செல்விக்குத் துணையாக பஸ் முனைக்குப் போனேன். அங்கே நின்றபடி அவள் சொன்னாள்: "உங்கள விருந்தாளிங்கிறாங்க. எங்க தாத்தா இங்க ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவுனவரு, இங்கயே பொறந்தும் எங்களுக்கு வாயத் தொறக்கவே பயமா இருக்கு. உங்களுக்காச்சும் போறதுக்கு ஒரு ஊரு இருக்கு அண்ணி."

நான் ஊரில் இல்லை என்று சொல்லி வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று ஊரிலிருந்து தம்பி போன வாரம்தான் சொல்லியிருந்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. கைப்பேசியின் டார்ச்சைப் போட்டு, பஸ் வரும்வரை அவள் காலடியில் பிடித்துக்கொண்டு நின்றேன்.