இரண்டாம் பத்தில் வரும் சூடு

ஸ்ரான்லி காருக்குப் பார்த்த பக்குவத்தை நான் என் பிள்ளைகளுக்குக்கூடப் பார்த்ததில்லை. வெஸ்ட்மீட்டில் ஒரே ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை. அவன் மன்னாரில் பேசாலைக்காரன், எனக்குப் பத்து வயது இளையவன். பகிடி விட்டால் சிரிப்பான், திருப்பி விடமாட்டான். அதனால் நான் கொஞ்சம் அதிகமாகவே விட்டிருக்கிறேன்.

2012இல் படகில் வந்தவன். மனைவி யசிந்தாவையும் இரண்டு வயது மகள் பிறின்சியையும் விட்டுவிட்டு வந்தான். தற்காலிக விசா என்றார்கள். அந்தத் தற்காலிகம் பதினொரு வருடம் இழுத்தது. அவர்களைக் கூப்பிடவும் முடியாது, போய்ப் பார்க்கவும் முடியாது. பிறகு ஒருவழியாக நிரந்தரம் கிடைத்து, உடனே விண்ணப்பித்து, இந்த வருடம் ஜூனில் இருவருக்கும் விசா வந்தது. ஜூலையில், இந்த நாட்டில் நடுக்குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு விமானம் இறங்கும்.

விசா வந்த அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தக் கார்ப் பைத்தியம்.

“பிள்ளைக்கு இழுப்பு இருக்கு அண்ணை. குளிர்க்காத்துப் பட்டா விடியவிடிய இழுக்குமாம். யசிந்தா போனில திரும்பத் திரும்ப அதையேதான் கேக்கிறா, அங்க எப்பிடிக் குளிர், எப்பிடிக் குளிர் எண்டு.”

“ஹீற்றரைப் போடு, முடிஞ்சுது கதை,” என்றேன்.

முடியவில்லை. அவனுடையது பழைய ஹைபிரிட் கார். சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சின் அணைந்துவிடும், மெதுவாக உருண்டால் பற்றரியில் ஓடும். பெற்றோலுக்கு நல்லது. ஆனால் ஹீற்றருக்குச் சூடு எஞ்சினிலிருந்துதான் வரவேண்டும், அந்த எஞ்சினோ பாதி நேரம் நித்திரை. ஜூலைக் காலையில் அது சூடேறி வருவதற்குள் பாதித் தூரம் போய்விடலாம். கஞ்சன் வீட்டு அடுப்பு மாதிரி.

இரவு பகலாக யூரியூப் பார்த்து வித்தைகளைப் பிடித்தான். ஸ்ரார்ட் பண்ணியவுடன் ஹீற்றரைப் போடக்கூடாது. எஞ்சினிடம் இருக்கிற கொஞ்சச் சூட்டையும் அது உறிஞ்சிவிடும். நின்ற இடத்தில் உறுமவிட்டுக்கொண்டிருக்கவும் கூடாது, உடனே மெல்ல ஓட்டத் தொடங்கவேண்டும். முன்பக்கக் கீழ்க் கம்பி இடுக்குகளில் குளிர்காற்று நுழையாமல் பாதியை அடைக்கவேண்டும். சுடுதண்ணீர்க் குழாய்க்குப் போர்த்துகிற கறுப்பு ஸ்பொஞ்சை வாங்கி, நீளத்துக்குக் கீறி, இடுக்குகளில் செருகினான். வெயில் ஏறியதும் மறக்காமல் கழற்றுவான். கழற்றாவிட்டால் எஞ்சின் கொதித்துவிடும் என்ற பயம்.

அதோடு விட்டானா? விமான நிலையத்தில் கார் இரண்டு மணித்தியாலம் நின்று ஆறிப்போகுமே, அங்கிருந்து புறப்படும்போது எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமாம். ஒவ்வொரு ஞாயிறும் விடியுமுன் மஸ்கொட்டுக்குப் போவான். விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவொன்றில் காரை நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை தனியே குந்திக்கொண்டிருப்பான். பிறகு ஸ்ரார்ட் பண்ணிச் செபமாலை சொல்லத் தொடங்குவான். நான் மேய்ஸ் ஹில் முருகனுக்குத் தேங்காய் உடைக்கிறவன், எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அவன்தான் விளங்கப்படுத்தினான்: செபமாலையில் ஐந்து பத்துகள், ஒரு பத்துச் சொல்ல மூன்று நிமிடம். முதல் வாரம் நாலாம் பத்து முடியத்தான் கைக்குச் சூடு தெரிந்ததாம். ஸ்பொஞ்சும் வைத்து, ஹீற்றரையும் பொறுத்துப் போட்டபோது மூன்றாம் பத்து. கடைசி ஞாயிறு இரண்டாம் பத்து முடியுமுன்னே வந்துவிட்டது.

“மாதாவை மணிக்கூடு ஆக்கிப்போட்டாய்,” என்றேன். சிரித்தான்.

அந்தக் கடைசி ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். முன் இருக்கையில் இருத்தி, காற்று வரும் துவாரங்களை என் பக்கம் திருப்பிவிட்டான். அது யசிந்தாவின் இருக்கை என்று சொன்னபோது அவன் காது சிவந்தது. நல்ல சூடு, கலியாண வீட்டு அடுப்புச் சூடு என்று சான்றிதழ் கொடுத்தவன் நான்தான். பின் இருக்கையில் ஏறிப் பார்க்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. பதின்மூன்று வருடமாக அந்தக் காரிலும் சரி, வேறு காரிலும் சரி, ஸ்ரான்லிக்குப் பின்னால் இருக்க ஆள் இருந்ததில்லை. அவனுக்கு எப்படித் தோன்றும்?

அவர்கள் வந்திறங்கிய சனிக்கிழமை குளிர் மூன்று பாகை. லீவு முடிந்து ஒரு வாரத்தின் பின் வேலைக்கு வந்தான். தேத்தண்ணி நேரத்தில், “என்ன, இரண்டாம் பத்திலயே சூடு வந்ததோ?” என்று கேட்டேன்.

“ஓம் அண்ணை. சொன்னமாதிரியே வந்தது.”

பிறகு கோப்பையைப் பார்த்தபடி மெல்ல மெல்லச் சொன்னான். அவர்கள் வெளியே வந்தபோது பிறின்சி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். பதினைந்து வயது. போனில் கதைத்த பிள்ளை, நேரே கண்டதும் நிலத்தைப் பார்த்ததாம். காரடியில் இவன் ஓடிப்போய் முன் கதவைத் திறந்தபோது, யசிந்தா பின் கதவைத் திறந்து மகளை ஏற்றி, தானும் பக்கத்தில் ஏறிவிட்டாள். ஊரில் வான் பிடித்துப் போகும்போது தாய்மாரும் பிள்ளைகளும் பின்னால்தானே. அவள் யோசித்துச் செய்யவில்லை. இவன் திறந்த கதவைத் திரும்பச் சாத்திவிட்டு வந்து ஓட்டினான். ரக்சிக்காரன் மாதிரி என்றான்.

இரண்டாம் பத்தில் சூடு வந்தது, முன்னால். அந்தக் காரில் பின்னுக்குக் காற்றுத் துவாரமே இல்லை. கொஞ்சத் தூரம் போகப் பிறின்சி இருமினாள். மூன்றாவது இருமலில் மூச்சுச் சத்தம் கேட்டது.

“இஞ்சேருங்கோ, பிள்ளை நடுங்குறாள்,” என்றாளாம் யசிந்தா.

ஹீற்றரை முழுதாகத் திருப்பினான். பிறகு ஓரமாக நிறுத்தி, தன் ஜக்கெற்றைக் கழற்றிப் பின்னால் நீட்டினான். மகள் அதை வாங்கவில்லை, தாய்தான் வாங்கிப் போர்த்தினாள். “பிள்ளையை முன்னுக்கு விடும்,” என்றான். பிறின்சி தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

“அப்ப நீர் எண்டாலும் முன்னுக்கு வாருமன். இஞ்ச நல்ல சூடு.”

“வேண்டாம்,” என்றாள் யசிந்தா. “இவள் தனிய இருக்கமாட்டாள்.”

இதைச் சொல்லிவிட்டு ஸ்ரான்லி கோப்பையை மேசையில் வைத்தான். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அந்தத் தாயில் ஒரு பிழையும் இல்லை. பதின்மூன்று வருடம் அந்த இருவருக்கும் உலகத்தில் அந்தப் பின் இருக்கை அகலம்தானே இருந்திருக்கும்.

“பிறகு என்ன செய்தனி?”

“ஓடினன் அண்ணை. வீட்டை போகுமட்டும் அவையள் ரெண்டு பேரும் பின்னால ஒட்டிக்கொண்டு நடுங்கிச்சினம். எனக்கு முன்னால வேர்த்து ஊத்திச்சுது.”