கழுத்தை நீட்டும் முன் ஒரு கேள்வி

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்தில் நல்ல சாரல். தென்காசியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அச்சன்புதூரிலிருந்து மாமியாரும், ஆய்க்குடியிலிருந்து என் அண்ணனும் வந்திருந்தார்கள். சீசனுக்கு வந்த விருந்தாளியை அருவிக்குக் கூட்டிப் போகாவிட்டால் எங்கள் பக்கம் அது கொலைக் குற்றத்துக்குச் சமம். என் கணவரும் சேர, நாலு பேரும் ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம். கணவர் ஒரு பைக் ஷோரூமில் மேனேஜர். அன்று காலை வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குளிக்கும் முன் டீ குடிக்க நின்றோம். நாங்கள் வாயைத் திறக்குமுன்னே கடைக்காரர் என் கணவருக்கு மட்டும் சீனி போடாத டீயை நீட்டினார். "இன்னைக்குக் குடும்பத்தோட வந்திருக்கியளோ அண்ணாச்சி?" என்று வேறு கேட்டார். "ஆளை மாத்திச் சொல்லுதாரு" என்றார் இவர். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பெண்கள் பக்கம் நிற்க இடமில்லை. தாலிச் செயினை ரவிக்கையோடு சேர்த்து ஊக்கு மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன். அருவி முதுகில் விழ விழ அத்தனை அலுப்பும் போனது. வெளியே வந்து கழுத்தைத் தடவினால் ஊக்கு திறந்து கிடக்கிறது, செயினைக் காணோம். என் அப்பா போட்டு அனுப்பிய செயின். தாலியும் அதோடு போய்விட்டது. நான் போட்ட கூப்பாட்டில் முன்பின் தெரியாத பெண்களெல்லாம் குனிந்து தண்ணீரைத் துழாவினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆண்கள் நின்ற இடத்துக்கு வந்ததும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "கழுத்துல கிடந்ததக் காப்பாத்தத் தெரியாதவ குடும்பத்த என்னத்தக் காப்பாத்தப் போறா!"

நான் கணவரைப் பார்த்தேன். ஐந்து ரூபாய் கீழே விழுந்தாலும் கட்டிலை நகர்த்தித் தேடுகிற மனுஷன், தோளில் துண்டோடு அசையாமல் நின்றார். என் அண்ணன் போலீஸ்காரர். "வாங்க மாப்ள, ஒரு புகார் எழுதிக் குடுப்போம்" என்றார். அதுவரை பேசாமல் இருந்தவர் பதறிவிட்டார். "புகாரெல்லாம் எதுக்கு மச்சான்? தண்ணியோட போனது போனதுதான்."

அவர் முகத்தில் துக்கம் இல்லை. நிம்மதி இருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று ஒரு நாள் செயினை வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது அது புத்தம் புதிதாக மின்னியது. அதுவும் அந்தச் சீனி இல்லாத டீயும் ஒன்றாகச் சேர்ந்து என் மண்டையில் ஏறின.

அதற்குள் மாமியார் கடைத்தெருவில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வந்துவிட்டார். வெறுங்கழுத்தோடு ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாதாம். கோயில் வாசலில் என்னை நிறுத்தி, மகன் கையில் கயிற்றைக் கொடுத்தார். அவர் கட்ட வந்த கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மொதல்ல உண்மையச் சொல்லுங்க. அப்புறம் கட்டுங்க. அருவியில போனது எங்க அப்பா போட்ட செயினா?"

மாமியார் பாய்ந்தார். "ஏட்டி, நாலு பேரு முன்னால புருசன இப்பிடியா நிக்க வச்சுக் கேப்ப?"

"நான் தொலச்சேன்னு நீங்க சத்தம் போட்டப்ப இந்த நாலு பேரும் இல்லையா அத்தை?"

அண்ணன் முன்னால் வந்தார். "நீ பேசாம இருண்ணே. இது என் கேஸு" என்றேன்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சித்திரையிலேயே வேலை போயிருக்கிறது. அன்றிலிருந்து டிபன் பாக்ஸோடு கிளம்பி, குற்றாலத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்திருக்கிறார். சம்பளம் என்று என் கையில் கொடுத்ததெல்லாம் என் செயினை அடகு வைத்த பணம். என் கழுத்தில் கிடந்தது கவரிங். தாலி மட்டும்தான் அசல். அந்த மட்டமான கொக்கி கழன்றதில் அசலும் சேர்ந்து போய்விட்டது.

வேலை போனதற்கு நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. வேலை யாருக்கும் போகும். அடகைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் செய்யாத தப்புக்கு நான் ஏச்சு வாங்கும்போது, 'அப்பாடா, தப்பிச்சோம்' என்று நின்றாரே! அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதையும் அங்கேயே கேட்டேன். "இவ மேல தப்பில்லம்மா. நான்தான் வாய மூடிட்டு நின்னேன்" என்று தன் அம்மாவிடம் சொன்னார். அதற்கப்புறம்தான் கழுத்தை நீட்டினேன்.

அடகில் கிடந்த செயினை விற்றுக் கடனை அடைத்தோம். மீதியில் பெரிய கிரைண்டர் வாங்கி மாவு அரைத்து விற்கிறேன். என் அப்பா போட்டது, என் இஷ்டம். கணவர் இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறார். சம்பளம் குறைச்சல்தான், ஆனால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கல்யாண வீடுகளில் "வெறும் கயித்தோட வந்து நிக்கியே, செயின் எங்கட்டி?" என்று கேட்கிறார்கள். இங்கே எழுதியதையெல்லாம் அவர்களிடமும் ஒளிக்காமல் சொல்கிறேன். கேட்டவர்கள்தான் நெளிகிறார்கள்.

இனி ஒரு செயின் வாங்குகிற நாள் வரும், வராமலும் போகும். கயிறு பழசானால் பெண்கள் தாங்களே மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். நான் அவரைத்தான் கட்டச் சொல்கிறேன். கயிற்றோடு அவர் எதிரே வந்து நிற்கும்போதெல்லாம், "என்கிட்ட சொல்லாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்ற பதில் வந்த பிறகே கழுத்தை நீட்டுகிறேன்.