பினாயில் ஊற்றிய வாளிகள்

எங்கள் குடியிருப்பில் என் அண்ணிக்கு வைத்த பெயர் பூஞ்சைக்காரி. ஆராய்ச்சிக்கூடத்தில் மக்கிய மரக்கட்டைகளில் பூஞ்சை வளர்ப்பதுதான் அவள் உத்தியோகம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் சளைக்காமல் திரும்பிப் பார்ப்பாள்.

போன மழைக்காலத்தில் அவள் மகள் டெங்குவில் விழுந்து, செத்துப் பிழைத்தாள். அன்றிலிருந்து அண்ணிக்குக் கொசு என்றால் சொந்தப் பகை. மாடிப்படி ஓரங்களில் கறுப்பு வாளிகளை வைத்தாள். உள்ளே தண்ணீர், பூஞ்சையிலிருந்து எடுத்த சாறு, விளிம்பில் ஒரு வெள்ளைத் துணி. அந்த வாடைக்கு மயங்கி வரும் கொசு துணியில் முட்டையிட்டுவிட்டுப் போகும். வாராவாரம் துணியை எடுத்துக் கொதிநீரில் போடுவாள்.

சங்கத் தலைவருக்கு இது பொறுக்கவில்லை. கொசுவுக்கு விருந்து வைக்கிறாள் என்று வீடு வீடாகச் சொன்னார். வாளிகளைத் தூக்கிவிடுவது என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒப்புக்குத்தான்.

என் அண்ணன் நல்லவன், அதுதான் சிக்கல். சாற்றின் நாற்றம் குறைந்தால் பேச்சும் குறையும் என்று நினைத்து, வாரத் தொடக்கத்திலேயே அவளுக்குத் தெரியாமல் வாளிகளைக் கழுவிப் பினாயில் கலந்து வைத்துவிட்டான்.

கூட்டத்தில் அண்ணி துணியை விரித்தாள். கொசு முட்டைகளால் மிளகுத்தூள் தூவியதுபோல் இருக்க வேண்டிய துணி, வெள்ளை வெளேரென்று இருந்தது. தலைவர் சிரித்தார். எனக்கு அவர் மூக்கை உடைக்கலாம் போலிருந்தது. அண்ணி துணியை முகர்ந்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"பழைய வாடை போயிடுச்சு, அதான் கொசு இங்க வரல," என்றாள். "முட்ட போடாம இருக்குமா? வேற எங்கயோ போட்டிருக்கு. தேடலாம் வாங்க. முதல்ல எங்க வீடு."

எல்லோரும் பின்னால் போனோம். ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டை உருவினாள். மகள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, தேங்கிய தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. அண்ணி தட்டை மறைக்கவில்லை.

"சொந்த வீட்டுலயே வளர்க்கறீங்களேம்மா," என்றார் தலைவர்.

"ஆமா, வளர்ந்திருக்கு. மறைக்காம காட்டறேன்ல? இப்ப உங்க வீட்டுத் தட்ட உருவுங்க. ஒண்ணும் இல்லேன்னா வாளிய நானே தூக்கிப் போட்டுடறேன்."

வீட்டுச் சாவி மனைவியிடம் இருக்கிறது என்றார் தலைவர். மற்றவர்களுக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அண்ணன் பினாயில் வாடை போகும்வரை வாளிகளைத் தேய்த்தான். அண்ணி புதுச் சாறு ஊற்றினாள். ஒரு வாளியைக் கொண்டுபோய்த் தலைவர் வீட்டு வாசலிலேயே வைத்தாள். இன்றுவரை அதை யாரும் தொடவில்லை.